உச்ச நீதிமன்றம் விட்ட இடத்திலிருந்து: தன்பாலினத் திருமணமும் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும்

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பளித்தபோது, பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் எங்கள் வழக்கறிஞர்களிடையே "தள்ளுபடி ஆயிட்டு" என்ற ஒற்றைப் பேச்சோடு அந்தச் செய்தி முடிந்துபோனது. டெல்லியில் யாரோ தொடுத்த வழக்கு, நம் பக்கத்து மனிதர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த ஊரில் வாரிசு வழக்குகளையும் பத்திர வேலைகளையும் பார்த்துவரும் எனக்கு அந்த எண்ணம் பிழையானது என்பது உறுதியாகத் தெரியும். அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வழக்கு தள்ளுபடியானபோது கேள்வி தள்ளுபடியாகவில்லை. அது சட்டமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது என்பதும், அதற்கான அதிகாரமும் முன்மாதிரியும் அதனிடம் இருக்கின்றன என்பதும் என் நிலைப்பாடு.

தீர்ப்பு சொன்னது என்ன? தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் எஸ்.கே. கவுல், எஸ். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகிய ஐவரும், திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமை ஆகாது என்பதிலும், மதம் பாராமல் மணக்க வழிசெய்யும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே திருத்தி எழுத முடியாது என்பதிலும் ஒன்றுபட்டார்கள். தன்பாலினத்தவரின் இணைவாழ்வை அரசு அங்கீகரித்தாக வேண்டுமா, அவர்கள் தம்பதியாகக் குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில் பிரிந்தார்கள். சந்திரசூட்டும் கவுலும் வேண்டும் என்றார்கள்; மற்ற மூவரும் அதற்கு இசையவில்லை. திருநங்கையோ திருநம்பியோ எதிர்பாலினத்தவரை மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களே போதும் என்பதை ஐவரும் ஏற்றுக்கொண்டார்கள். 2025 ஜனவரி 9 அன்று மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இனி இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்புவதற்கு நெடுங்காலம் ஆகலாம். சட்டம் இயற்றுவோரிடம் எழுப்பத் தடை ஏதுமில்லை.

அந்த வழக்கில் ஒன்றிய அரசு எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று என்னை மிகவும் வருத்தியது. இந்தக் கோரிக்கை நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து என்று அரசு எழுத்துப்பூர்வமாகச் சொன்னது. என்னிடம் வந்த இரண்டு பெண்களைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். முக்கூடல் பக்கத்து ஊர். மூத்தவர் சிறு வயதிலிருந்தே பீடி சுற்றுபவர். இளையவர் தையல் வேலை செய்பவர். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஊருக்கு அவர்கள் அக்கா தங்கை போல. அவர்களும் அதை மறுத்துப் பேசியதில்லை. வீடு மூத்தவர் பெயரில் இருக்கிறது. பீடிக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியது. அவருக்கு அண்ணன்மார் இருவர். "வக்கீலம்மா, நான் கண்ண மூடிட்டேன்னா மறுநாளே எங்க அண்ணன்மாரு இவளத் தெருவுல தள்ளிருவாவ. அதுக்கு என்ன எழுதணுமோ அத எழுதித் தாங்க" என்பதுதான் அவர் கேட்டது. திருமணம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. இளையவரோ வாய் திறக்காமல் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூத்தவரின் அச்சம் சட்டப்படி முற்றிலும் நியாயமானது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, திருமணமே ஆகாத, பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தானே சம்பாதித்த சொத்து பெற்றோருக்குப் போகும். பெற்றோரும் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு, அதாவது உடன்பிறந்தவர்களுக்குப் போகும். கூடவே வாழ்ந்து, நோயில் பார்த்துக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பாதிச் செலவைக் கொடுத்தவருக்கு அந்த வரிசையில் எந்த இடமும் இல்லை. வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழிலும் அவர் பெயர் வராது.

அவர் உயிரோடிருக்கும்போதே வீட்டைச் செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்று நான் முதலில் யோசித்தேன். அங்கேதான் தமிழ்நாடு அரசின் சொந்தச் சட்டமே குறுக்கே நிற்கிறது. குடும்ப உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 விழுக்காடுதான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. குடும்ப உறுப்பினர் அல்லாதவருக்கு என்றால் 7 விழுக்காடு, உச்ச வரம்பே கிடையாது. 10 லட்சம் மதிப்புள்ள ஒரு வீட்டைக் கணவர் மனைவிக்கு எழுதி வைத்தால் 10,000 ரூபாய். இந்தப் பெண் தன் துணைக்கு எழுதி வைத்தால் 70,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதற்குமேல். பீடி சுற்றும் பெண்ணுக்கு 60,000 ரூபாய் வித்தியாசம் என்பது எத்தனை மாத உழைப்பு என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் உயில் எழுதிப் பதிவு செய்தோம். ஆனால் உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகு, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி மெய்ப்பிக்க வேண்டிய ஆவணம். அண்ணன்மார் வழக்குப் போட்டால், எழுதியபோது அவருக்குச் சுயநினைவு இருந்ததா, யாராவது மிரட்டினார்களா என்பதில் தொடங்கி, இவர்கள் இருவருக்கும் என்ன உறவு என்பது வரை எல்லாவற்றையும் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். அந்த நாளில் தையல்காரப் பெண் கூண்டில் தனியாக நிற்க வேண்டியிருக்கும். மனைவியாகவோ கணவனாகவோ இருந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

பி.எஃப். பணமும் அப்படித்தான். தொழிலாளருக்குச் சட்டம் குறிப்பிடும் குடும்பம் இருந்தால் அதற்குள் ஒருவரைத்தான் நியமனதாரராக எழுத முடியும். மூத்தவரின் தாய் அவரை நம்பி வாழ்ந்த காலம் முழுவதும் தாயின் பெயரைத் தவிர வேறு பெயர் எழுத வழியிருக்கவில்லை. ஆயுள் காப்பீட்டில் யார் பெயரையும் எழுதலாம், ஆனால் பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நியமனதாரராக இருந்தால்தான் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தமாகும். மற்றவர்கள் வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள். ஒரு முறை மூத்தவருக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட "ரத்த சொந்தம் யாராவது வரணும்" என்று மருத்துவமனையில் சொல்லிவிட, பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அண்ணனைத் தேடிப் போய்க் கூட்டிவந்திருக்கிறார்கள். இதில் எந்த இடத்தில் மேட்டுக்குடி இருக்கிறது? பணமும் படிப்பும் உள்ளவர்கள் கூட்டுக் கணக்கு, கூட்டுக் கிரயம், அறக்கட்டளை என்று ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். வழியே இல்லாமல் நிற்பவர்கள் ஏழைகள்.

2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒன்றிய அரசு சில அறிவுறுத்தல்களை அனுப்பியது உண்மைதான். தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைப் பெற்றுக்கொள்ளத் துணைவருக்கு உரிமை தரலாம் என்று அவற்றில் இருந்தது. அவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது என்ற நிபந்தனையோ, உறவினர் இருந்து பகையாக இருக்கும் குடும்பங்களில் எதற்கும் உதவாது.

இந்த விவாதத்தில் நம் திருநெல்வேலிச் சீமைக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 1986 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தூத்துக்குடியில், 2018 அக்டோபர் 31 அன்று, சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவுத்துறை அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்று வருவது திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். ஆண், பெண் என்ற வரையறைக்குள் முழுதும் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னார். சில மாதங்களில் தமிழ்நாடு அரசு அதற்கு அரசாணை பிறப்பித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் ஏற்றுக்கொண்ட ஒன்றை, முதலில் கேட்டு வாங்கியது தூத்துக்குடிக்காரத் தம்பதி. எனக்கு அதில் பெருமை உண்டு.

சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்து சென்னையில் அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதுவதற்கு முன் தானே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று, தன்பாலீர்ப்பை 'மாற்றுவதாக' நடத்தப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். நீதிபதி ஒருவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவராக அமர்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே வழக்கில் 2023 நவம்பரில், இணையர் தங்கள் உறவை ஒரு குடும்ப இணைவுப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் யோசனையை மனுதாரர் முன்வைத்தார். அதைப் பரிசீலிக்குமாறு நீதிபதி அரசிடம் சொன்னார். 2025 மே 22 அன்று, பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை மீட்கத் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பத்தையும் சட்டம் அறியும் என்றும் எழுதினார்கள். தூத்துக்குடி வழக்கில் எழுதிய அதே நீதிபதி இங்கும் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தால் போக முடிந்த தூரம் இவ்வளவுதான். இனிப் போக வேண்டியது சட்டமன்றம்.

திருமணம் தொன்றுதொட்டு மாறாமல் வந்தது, அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் எங்கள் வழக்கறிஞர் சங்கத்திலும் உண்டு. என் வீட்டிலும் உண்டு. அவர்களிடம் நான் கடையத்தை நினைவூட்டுவது வழக்கம். 1897இல் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி கடையத்துச் செல்லம்மாளை மணந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, செல்லம்மாளுக்கு ஏழு. அன்று அது முறையான, மங்கலமான, யாரும் குறை சொல்லாத கல்யாணம். இன்று அப்படி ஒரு கல்யாணம் நடந்தால் நடத்தி வைத்தவர்கள் மீது வழக்குப் பாயும். பிள்ளை மணத்தையும் பலதாரத்தையும் ஒழித்ததும், மணமுறிவைக் கொண்டுவந்ததும் சட்டமன்றங்கள்தான். அப்போதெல்லாம் குடும்பம் குலைந்துவிடும் என்ற கூக்குரல் எழாமல் இருந்ததில்லை.

அந்த மாற்றங்களில் பலவற்றில் சென்னை மாநிலம் நாட்டுக்கு முன்னால் நடந்திருக்கிறது. இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கு வழி செய்த மாகாணச் சட்டம் இங்கே 1949இலேயே, காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. ஒன்றியச் சட்டம் வந்தது 1955இல். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த திருத்தம் கலைஞர் ஆட்சியில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. டெல்லி அதைச் செய்ய 2005 வரை ஆயிற்று. இவை இரண்டையும்விட நம் கேள்விக்கு நெருக்கமானது நடுவில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1920களின் இறுதியிலிருந்து பெரியார் வழியில் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், உற்றார் முன்னிலையில் உறுதிமொழி சொல்லி ஆயிரக்கணக்கானோர் மணந்துகொண்டார்கள். அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் 1953இல் ஒரு வழக்கில், உரிய சடங்குகள் இல்லாத அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே தீர்ப்பில் மனைவியர் மனைவியரல்லாதவராக, பிள்ளைகள் வாரிசுரிமை கேள்விக்குள்ளானவர்களாக ஆனார்கள். நீதிமன்றம் விட்ட இடத்திலிருந்து சட்டமன்றம் தொடங்கியது. அண்ணா முதலமைச்சரான 1967ஆம் ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாலை மாற்றினால் போதும். மோதிரம் மாற்றினால் போதும். தாலி கட்டினால் போதும். இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னால் போதும். அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய கருணை, அது பின்னோக்கியும் செல்லும் என்பது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் யாவும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றாயின.

முக்கூடல் பெண்கள் இருவரின் நிலை 1953க்கும் 1967க்கும் இடையில் வாழ்ந்த அந்தத் தம்பதிகளின் நிலைதான். வாழ்க்கை நடக்கிறது, சட்டம் அதைப் பார்க்க மறுக்கிறது. அண்ணாவின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் எந்தக் கட்சியும் இந்த ஒப்புமையைப் புறக்கணிக்க முடியாது என்பது என் வாதம்.

ஆனால் இதுவரை அவர்கள் பேசவில்லை. 2023இல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒன்றிய அரசு எல்லா மாநிலங்களிடமும் கருத்துக் கேட்டது. ஏழு மாநிலங்களிடமிருந்து பதில் வந்ததாக மே மாதம் நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள். ராஜஸ்தானும் ஆந்திராவும் அசாமும் எதிர்த்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் ஆகியவை அவகாசம் கேட்டன. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம், மாநில உரிமைக்காக அன்றாடம் குரல் கொடுக்கும் மாநிலம், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றில் கருத்துக் கேட்கப்பட்டபோது அந்த ஏழில் ஒன்றாகக்கூட இல்லாதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதிகாரத்தைப் பற்றி ஐயம் கிளப்புவோருக்குச் சொல்கிறேன். திருமணம், மணமுறிவு, தத்து, உயில், வாரிசுரிமை எல்லாம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் 5ஆம் இனத்தில் இருக்கின்றன. மாநிலம் சட்டம் இயற்றலாம். ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இன்றைய சூழலில் அந்த ஒப்புதல் எளிதாகக் கிடைக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆகவேதான் ஒப்புதல் தேவைப்படாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். முத்திரைத் தீர்வை விகிதம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பதிவு செய்த துணைவரையும் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கச் சென்னைக் கோட்டையில் எடுக்கும் முடிவே போதும். ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், அரசு மருத்துவமனையின் ஒப்புதல் படிவம், மாநில அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. இவற்றுக்கு அடிப்படையாக ஓர் இணைவுப் பதிவுச் சட்டம் வேண்டும்; வயது வந்த இருவர் சார்பதிவாளர் முன் வந்து கையெழுத்திட்டு ஒருவருக்கொருவர் துணை என்று பதிவு செய்துகொள்ளும் எளிய சட்டம்.

இது திருமணத்தைவிடக் குறைந்த ஒன்றல்லவா என்று இளைய வழக்கறிஞர்கள் சிலர் என்னிடம் கோபத்தோடு கேட்டிருக்கிறார்கள். குறைந்ததுதான். தைவானில் 2019 முதலும் தாய்லாந்தில் 2025 ஜனவரி முதலும் தன்பாலினத்தவர் மற்றவர்களைப் போலவே மணக்கிறார்கள். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் திருமணம் பதிவாயிற்று. நம் நாட்டிலும் அதுவே நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உயில் எழுதிவிட்டுப் பயந்துகொண்டிருக்கும் ஒருவரிடம், முழு உரிமை கிடைக்கும் வரை காத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதத்தின் பெயரால் வரும் தயக்கத்தையும் நான் மதித்தே பேசுகிறேன். பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையில் ஊறிய குடும்பங்களோடும் மேலப்பாளையத்து ஜமாஅத்தாரோடும் பழகி வளர்ந்தவள் நான். இணைவுப் பதிவு எந்தக் கோயிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் எதையும் நடத்தி வைக்கச் சொல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் போடும் கையெழுத்து அது. கிரயம் பதிவு செய்ய மதகுருவின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லையே.

அந்தச் சட்டத்தில் ஒன்று மட்டும் கட்டாயம் இடம்பெறக் கூடாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புவோர் 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவார்கள். நம் மாவட்டத்தில் அந்த ஒட்டப்பட்ட தாளைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், பட்டப்பகலில், வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகியதற்காக ஓர் இளம் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். யாரோடு வாழ்வது என்பதைத் தன் விருப்பப்படி முடிவு செய்ய முனைகிற எவரும் இங்கே ஆபத்தில் இருக்கிறார்கள். சாதி மறுத்தவரும் தன்பாலினத்தவரும் தப்பி ஓட வேண்டியது ஒரே வகை ஆட்களிடமிருந்துதான். 2023 ஆகஸ்ட் 28 அன்று, சுயமரியாதைத் திருமணத்தைப் பலர் கூடிய சபையில்தான் நடத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளிப்படையாக அறிவித்தால் உயிருக்கு ஆபத்து வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருக்கிறது. அதை எழுதிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர், இரண்டு மாதத்துக்குள் தன்பாலினத் திருமண வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ரவீந்திர பட்.

ஆகவே இணைவுப் பதிவுச் சட்டத்தில் முன்னறிவிப்பு கூடாது, ஒட்டும் பலகை கூடாது, பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்கக் கூடாது. பதிவு செய்தவர்கள் பாதுகாப்புக் கேட்டால் அதை அன்றே ஏற்க வேண்டிய பொறுப்பு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரில் காவல் ஆணையருக்கு, பெயர் குறிப்பிட்டுத் தரப்பட வேண்டும். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்துவரும் இணையர் தாங்கள் வாழத் தொடங்கிய நாளைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யவும், அந்த நாளிலிருந்து சேர்த்த சொத்தில் இருவருக்கும் உரிமை கோரவும் அது இடம் தர வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் எங்கள் சங்கத்துக்கு வரும்போது எல்லோரும் சால்வையோடு ஒரு மனுவும் கொடுப்பார்கள். நான் இந்த மூன்று கோரிக்கைகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.